வலது கண்ணுக்கு ஒரு மலை

இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வலது கண்ணால் எதிர்மலையைப் பார்ப்பார் செல்லசாமி. அங்கே தேயிலைக்கு நடுவில் ஒரு பெரிய பாறை. அதில் அந்தத் தேயிலைப் பரப்பின் எண்ணை, இங்கத்துப் பேச்சில் மலை நம்பரை, வெள்ளைப் பெயின்டில் ஆள் உயரத்துக்கு எழுதியிருப்பார்கள். “ஏழு. சரி” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்வார். அதன் பிறகுதான் செருப்பைக் கழற்றி சீட்டுக்குப் பின்னால் செருகிவிட்டு, வெறுங்காலோடு கொழுந்து லொறியில் ஏறுவார். நான் பார்த்த ஆறு வருடங்களில் ஒருநாளும் இது தவறியதில்லை.

இடது கண்ணை மட்டும் ஏன் சோதிப்பதில்லை என்று ஒருமுறை கேட்டேன்.

“ஸ்டீரிங் வலது பக்கந்தானேங்க சேர். வேல செய்யிற கண்ணு இதுதான். அது சும்மா தொணைக்கு வருது.”

பன்னிரண்டு வயதிலிருந்து கண்ணாடி போடுகிறவன் நான். என்னுடைய இரண்டு கண்ணும் சும்மா தொணைக்கு வருகிறவைதான். எனவே அதற்கு மேல் பேசவில்லை.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. ராகலைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்தில் இருபத்தாறு வருடமாக இதே வேலை. பெண்கள் பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையை இங்கே மடுவம் என்பார்கள். அப்படி மூன்று மடுவங்களிலிருந்து சாக்குச் சாக்காகக் கொழுந்தை ஏற்றி ஃபெக்டரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். காலையில் வெறும் சாக்குகளோடு கீழ் டிவிசனுக்கு இறங்குவார். அங்கே பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியார். பஸ் வராத நாட்களில், அதாவது பெரும்பாலான நாட்களில், மேல் மடுவத்தில் நின்று அவருடைய லொறியில் தொற்றிக்கொள்வேன்.

அந்தப் பாதையில் பதினொரு வளைவுகள். தாரைப் பார்த்துப் பல வருடமாகிறது. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் ஆறு தெரிகிற பள்ளம். ஏன் வெறுங்கால் என்று கேட்டால், “செருப்போட ஓட்டுனா ரோட்டு காலுக்குத் தெரியாதுங்க” என்பார். எந்தக் குழி எங்கே இருக்கிறது என்று அந்தப் பாதங்களுக்குத் தெரியும். ஐந்தாவது வளைவில் முனியாண்டி கல் ஒன்று இருக்கிறது. அந்த இடத்தில் ஸ்டீரிங்கிலிருந்து இரண்டு விரலை மட்டும் தூக்குவார். கும்பிட இரண்டு கையையும் எடுத்தால் முனியாண்டியே கோபித்துக்கொள்வாராம்.

மாலையில் கடைசித் தடவை லொறி இறங்கும்போது சாக்குகளின் மேல் பெண்கள் இருப்பார்கள். பதினெட்டு, இருபது பேர். லொறியில் ஆள் ஏற்றக்கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். நாள் முழுக்க மலையில் நின்ற கால்களோடு மேல் மலையிலிருந்து குடியிருப்பு வரிசையான கீழ் லயத்துக்கு நான்கு மைல் நடக்க வேண்டியிருப்பது தோட்டத்து நிலவரம். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். மடுவத்தில் கொழுந்து நிறுத்து எழுதுகிற நாகலெட்சுமியும் அந்த லொறியில்தான் வீட்டுக்குப் போவார். அவர்கள் ஏறிய பிறகு செல்லசாமி ஹாரன் அடிக்கிற விதமே மாறிவிடும். வளைவுக்கு வளைவு நீளமாக அடிப்பார்.

கனரக வாகனம் ஓட்டுகிறவர்கள் நாலு வருடத்துக்கு ஒருமுறை லைசனைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு டவுனுக்குப் போய் மெடிக்கல் எடுக்க வேண்டும். உயரம், எடை, பிரஷர், சீனி, காது, கண் என்று எல்லாவற்றையும் பார்த்து ஒரு தாள் கொடுப்பார்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால் லைசன் இல்லை. லைசன் இல்லாவிட்டால் லொறி இல்லை. போன வருடம் செல்லசாமியின் முறை வந்தது. மெடிக்கலுக்கு மூன்று வாரம் இருக்கும்போதே ஆயத்தம் தொடங்கிவிட்டது.

முதலில் சீனியை விட்டார். இங்கே பால் இல்லாத பிளேன்டீக்குச் சீனி போடுவதில்லை. உள்ளங்கையில் கொட்டிவைத்து, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று குடிப்பார்கள். செல்லசாமி வெறும் உள்ளங்கையைப் பார்த்துப் பார்த்துக் கசப்புத் தேத்தண்ணீர் குடித்தார். பிறகு கருவாட்டை விட்டார். காதைச் சுத்தம் செய்தார். பிரஷர் ஏறிவிடும் என்று அரசியல் பேசுவதையும் நிறுத்திவிட்டார். கண்ணுக்கு மட்டும் எதுவும் செய்யவில்லை. “கண்ணு நான் தெனம் பாக்குறதுதானேங்க” என்றார்.

அந்த வருடம் பனிமூட்டம் அதிகம் என்று அவர் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார். “இந்த வருசம் பனி சாஸ்திங்க சேர், மத்தியானத்துலயும் நிக்குது.” நானும் ஆமாம் போட்டேன். ஃபெக்டரி கேட்டில் லொறியின் வலப்பக்கத்துக் கண்ணாடி உரசி உடைந்தபோது பனியைத்தான் திட்டினார். நானும் சேர்ந்து திட்டினேன். கண்ணாடி போட்டவனுக்குப் பனி எப்போதும் கொஞ்சம் கூடத்தான் தெரியும்.

பிறகு அந்தக் காலை வந்தது. மெடிக்கலுக்கு எட்டு நாள் இருந்தது. நல்ல வெயில். செல்லசாமி இடது கண்ணைப் பொத்தினார், எதிர்மலையைப் பார்த்தார்.

“ஏழு. சரி.”

மடுவத்து வாசலில் சாக்கு எண்ணிக்கொண்டிருந்த நாகலெட்சுமி நிமிர்ந்தார். “எங்கண்ணே ஏழு?”

“அந்தா, பாறையில.”

“அத நேத்துப் பின்னேரமே அழிச்சாச்சே. எல்லா நம்பரையும் மாத்துறாங்க, ஏழையும் எட்டையும் ஒண்ணாக்கி நாலாம் நம்பருன்னு போட்டிருக்காங்க. நீங்க ஃபெக்டரியில இருந்தப்பதான் பெயின்ட் அடிச்சாங்க.”

செல்லசாமி கையை எடுத்தார். இரண்டு கண்ணாலும் பார்த்தார். பாறையில் புத்தம்புதிய நாலு பளிச்சென்று நின்றது. மறுபடியும் இடது கண்ணைப் பொத்தினார். இந்த முறை வெகுநேரம் பொத்தியிருந்தார்.

“பனியா இருக்கு” என்றார்.

எதிர்மலையில் ஒவ்வொரு தேயிலைச் செடியும் தனித்தனியாகத் தெரிகிற வெயில் அது.

எத்தனை மாதமாக அந்த மனிதர் பார்க்காமலே ஏழு என்று சொல்லிவந்தார் என்பது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. இந்தத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு மலை நம்பர் தங்கள் வீட்டு ஆட்களின் பெயரைப் போல. அதைப் பார்த்து வாசிக்க வேண்டிய தேவையே இல்லை. அதை வைத்துக் கண்ணைச் சோதிக்கலாம் என்று அவர் நம்பினார். கணக்கு வாத்தியாரான நானும் ஆறு வருடம் பக்கத்தில் நின்று நம்பினேன். சும்மா தொணைக்கு வருகிறது என்று சொன்ன இடது கண்தான் லொறியை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

அன்று அவர் லொறியை ஓட்டவில்லை. கொழுந்து காத்திருக்காது என்பதால் ஃபெக்டரியில் உள்ள இன்னொரு டிரைவர் கஜேந்திரனை வரச்சொன்னார்கள். முப்பத்தைந்து வயதுக்காரர், நல்ல மனிதர், சப்பாத்துப் போட்டு ஓட்டுகிறவர். செல்லசாமிக்கு லைசன் போனால் லொறி தமக்குத்தான் வரும் என்று தெரிந்தும் அவர் சொன்ன யோசனை இது:

“மாமா, நான் ரெண்டு வருசம் முந்திதான் எடுத்தேன். கண்ணு பாக்குற ரூம் கதவு தொறந்துதான் இருக்கும். முன்னால நிக்கிற எல்லாரும் அதே வரியத்தான் வாசிப்பாங்க. நீங்க வரிசையில நின்னு காது குடுத்தாலே போதும், தானா வந்துரும். தாளை வாங்கிட்டு வந்துருங்க. கண்ணுக்கு மருந்து பொறகு பாத்துக்கலாம்.”

செல்லசாமி காதில் வாங்கிக்கொண்டார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. “லொறி போனா நான் எங்கங்க போறது? இந்த வயசுல மருந்தடிக்கிற டாங்கியத் தூக்கிக்கிட்டு மலைக்கா?” என்று என்னிடம் மட்டும் கேட்டார்.

மெடிக்கல் அன்று பள்ளி விடுமுறை. நானும் கூடப் போனேன். ராகலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எங்களுக்கு முன்னால் முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். மரக்கறி லொறிக்காரர்கள், பஸ் டிரைவர்கள், தண்ணீர் பவுசர் ஓட்டுகிறவர் ஒருவர். கஜேந்திரன் சொன்னபடி கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே சுவரில் எழுத்துப் பலகை. ஒவ்வொருவராகப் போய் நின்று ஒரே வரியை உரத்து வாசித்தார்கள். “ஓ, எஃப், எல், சீ, டீ.” பத்தாவது ஆள் வாசிக்கும்போது எனக்கே மனப்பாடமாகிவிட்டது. செல்லசாமியின் உதடு அசைவதைப் பார்த்தேன். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் நம்பர் பிளேட்டில் படித்ததுதான். ஐந்து எழுத்து அவருக்கு ஒரு லொறி நம்பரை விடப் பெரிதில்லை.

உள்ளே போனார். டொக்டர் ஒரு சிங்களப் பெண்மணி, களைத்திருந்தார். பிரஷர் சரி. சீனி சரி. மூன்று வாரக் கசப்புத் தேத்தண்ணீர் வீண்போகவில்லை. செல்லசாமி வலது கண்ணைப் பொத்தி இடது கண்ணால் வாசித்தார், சரி. பிறகு இடது கண்ணைப் பொத்தினார்.

“ஓ, எஃப், எல், சீ, டீ” என்றார். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

டொக்டர் பேனையை எடுத்துத் தாளில் குனிந்தார். எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் வந்தது உண்மை.

செல்லசாமி கண்ணிலிருந்து கையை எடுக்கவில்லை. பொத்தியபடியே சிங்களத்தில் சொன்னார். “டொக்டர் நோனா, அது நான் பார்த்து வாசிக்கவில்லை. வெளியே நின்றபோது கேட்டது. வேறு ஏதாவது காட்டிக் கேளுங்கள்.”

டொக்டர் நிமிர்ந்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். சாத்திய கதவுக்கு உள்ளே என்ன நடந்தது என்று செல்லசாமி சொல்லித்தான் தெரியும். டொக்டர் விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டாராம். கை இருக்கிற இடம் தெரிந்ததாம், விரல் தெரியவில்லையாம். வெளியே வந்தபோது கையில் மெடிக்கல் தாள் இல்லை. கண் கிளினிக்குக்கு ஒரு கடிதம் இருந்தது. கண்ணில் வெள்ளை விழுந்திருக்கிறது, ஒப்பரேஷன் செய்தபின் வரலாம் என்று சொல்லியிருக்கிறார்.

பஸ்ஸில் வரும்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “கைக்கு வந்த தாள விட்டுட்டீங்களே அண்ணே” என்றேன்.

“ஆமாங்க சேர்.” ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். “பின்னால சாக்கு மட்டும் இருந்தா வாங்கிட்டு வந்திருப்பேன்.”



ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைக்க ஐந்து மாதமானது. அதுவரை மேல் மடுவத்தில் சாக்குத் தூக்கினார். கஜேந்திரன் ஓட்டுகிற லொறியில் ஒருநாளும் ஏறவில்லை. சாயந்தரம் நான்கு மைலும் நடந்தே போனார். முனியாண்டி கல்லில் இப்போது நின்று இரண்டு கையாலும் கும்பிட முடிகிறது என்று சிரித்தார். பெண்கள் ஏறுகிற நேரத்தில் மட்டும் கஜேந்திரனின் சப்பாத்தைப் பார்த்தபடி நிற்பார். “வளைவுல நீளமா அடிங்க” என்பார். கஜேந்திரனும் நீளமாக அடித்தார்.

போன மாதம் ஒப்பரேஷன் முடிந்தது. சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியும் முடிந்தன. நாளைக்கு மறுபடி மெடிக்கல். இன்று காலை நான் மடுவத்துக்குப் போனபோது லொறிக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு நின்றிருந்தார். எதிர்மலையில் பெண்கள் அப்போதுதான் நிரை பிடித்து ஏறியிருந்தார்கள்.

“பாறையைப் பாக்கலையா?” என்றேன்.

“தெரிஞ்சத வாசிக்கிறது சோதனையாங்க?” என்றவர் நாகலெட்சுமி பக்கம் திரும்பினார். “தங்கச்சி, இன்னைக்கி நாலாம் நம்பர்ல எத்தன பேருக்குப் பேர் போட்டாங்கன்னு சொல்லிறாத.”

“நான் வாயே தொறக்கல” என்று நாகலெட்சுமி அன்றைய ஆட்களைப் பதிகிற செக்ரோல் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்.

செல்லசாமி இடது கண்ணைப் பொத்தினார். உதடு அசைந்தது. கீழிருந்து மேலாக, நிரை நிரையாக எண்ணினார்.

“இருவத்தி மூணு.”

நாகலெட்சுமியின் முகம் வாடிவிட்டது. “இருவத்திரெண்டுதாண்ணே.”

“அந்த சவுக்குமரத்துக்குப் பின்னால ஒரு ஆளு நிக்குது. முதுகுல கூடை இல்ல. கையில கம்பு.”

நாகலெட்சுமி வாசலுக்கு வந்து, நெற்றியில் கையை வைத்து உற்றுப் பார்த்தார். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். எனக்கு மரம்கூடச் சரியாகத் தெரியவில்லை. “ஐயோ, நம்ம கங்காணி!” என்று நாகலெட்சுமி சிரித்தார். “அவரோட சேத்தா இருவத்தி மூணுதான்!”

செல்லசாமி சிரிக்கவில்லை. இடது கண்ணிலிருந்து கையை எடுத்தார். அந்தக் கையாலேயே வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் மறுபடியும் கீழ் நிரையிலிருந்து எண்ணத் தொடங்கினார்.