டாக்டரம்மா ஜீப்பும் நான் கூட்டிய பட்டைகளும்

புது ஜீப்பைக் கெடுத்தது நான்தான். கம்பெனிக்காரன் ஒழுங்காகத்தான் அனுப்பியிருந்தான்.

ஒர்க்‌ஷாப் தொழிலில் பழைய வண்டியால் தொல்லை இல்லை. எதைச் சொன்னாலும் வண்டிக்காரன் தலையாட்டுவான். புது வண்டி வந்தால்தான் ஊரே யோசனை சொல்லும். டயரை மாற்று, உயரத்தை ஏற்று, பட்டையைக் கூட்டு. புது வண்டி வாங்கிப் பட்டவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அறுபதுகளின் தொடக்கம். புதுக்கோட்டையில் லாரியும் பஸ்ஸும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜீப்பில் அதுவரை கை வைத்ததில்லை. இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

வண்டி எதுக்கு?

மணமேல்குடிப் பக்கம் தனியாக ஆஸ்பத்திரி நடத்திய ஒரு டாக்டரம்மா ஜீப் வாங்கி நேராக என்னிடம் கொண்டுவந்தார். அந்தப் பக்கம் அப்போது தஞ்சாவூர் ஜில்லா. கடற்கரை ஊர்களில் பிரசவம் சிக்கலானால் மாட்டு வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். முந்தின வருஷம் இரண்டு பெண்கள் வழியிலேயே போய்விட்டார்கள். அதற்காகத்தான் ஜீப்.

நான் எஞ்சின், கியர் என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"மேஸ்திரி, அதெல்லாம் நீங்க பார்த்துக்கோங்க. பின்னால படுத்திருக்கிறவ உசிரோட வந்து சேரணும். எனக்கு அது போதும்."

பட்டை

சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கியிருப்பார்கள். வண்டியின் பாரத்தையும் அதிர்ச்சியையும் தாங்குவது அவைதான். எங்கள் ஊர் லாரிக்காரர்களுக்கு ஒரு வழக்கம். புது லாரி வந்தால், ஒரு மூட்டை ஏற்றுவதற்கு முன்பே பட்டை கூட்டிவிடுவார்கள். எவனும் அளவாக ஏற்றுவதில்லை. அது அவர்களுக்குச் சரி. நான் அதே கையோடு ஜீப்புக்கும் பின்னால் பக்கத்துக்கு இரண்டு பட்டை சேர்த்தேன். வண்டி நாலு விரல் உயர்ந்தது. பார்க்க எடுப்பாக இருந்தது.

நார்த்தாமலைக் கல்லு ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். டிரைவர் சுப்பையாவும் நானும் முன்னால். பின்னால் ஆஸ்பத்திரி ஆயாம்மா. நாற்பது வயசிருக்கும். நோயாளியோடு பின்னால் உட்காரப் போவது அவர்தான் என்று டாக்டரம்மா அனுப்பியிருந்தார். திரும்பி வந்து இறங்கும்போது அந்த அம்மாவின் கொண்டை அவிழ்ந்து தொங்கியது. கொண்டுவந்த தூக்குவாளிக்கு மூடி இல்லை.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"வண்டி நல்லாத்தேன் இருக்குண்ணே. என்னைய ஒரல்ல ஒக்கார வச்சு ஒலக்கையால இடிச்ச மாதிரி இருந்துச்சு. புள்ளத்தாச்சியை ஏத்துனா, ஆஸ்பத்திரி வரைக்கும் புள்ள காத்திருக்காது."

மலாயா யோசனை

'புதுப் பட்டை, ஓட ஓட இளகும்' என்று சொல்லி அந்த அம்மாவை அனுப்பிவிட்டேன். அடுத்தது டயர். கம்பெனி டயரில் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கிற ரப்பர் முண்டு, சின்னது. அதையே விட்டிருக்கலாம். அந்த நேரம் பார்த்துத் திருமயம் பக்கத்துச் செட்டியார் ஒருவர் தன் காரைக் கொண்டுவந்திருந்தார். மலாயாவில் பல வருஷம் இருந்தவர். ஜீப்பைச் சுற்றி வந்தார். டயரைக் கைத்தடியால் தட்டினார். உதட்டைப் பிதுக்கினார்.

"என்னங்க இது, சைக்கிள் டயரு? அங்கே எஸ்டேட்ல விரல் நீளத்துக்குப் பட்டன் இருக்கும். எப்பேர்ப்பட்ட சேத்துலயும் சும்மா ஏறி வரும்."

அவர் பொய் சொல்லவில்லை. சேற்றுக்கு அந்த டயர்தான். கடற்கரையில் சேறு எங்கே இருக்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். திருச்சிக்கு ஆளனுப்பி, பெரிய பட்டன் டயர் நாலு வாங்கி மாட்டினேன். லாரிக்கு அடிப்பது போலக் கல்லாக இறுகும் வரை காற்று அடித்தேன். மணலில் இது சரிப்படுமா என்று சுப்பையா மெதுவாகக் கேட்டார். செட்டியாருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ரப்பர் பால் எடுக்கிற ஊர்லேருந்து வந்திருக்கேன். டயரைப் பத்தி எனக்கே சொல்றீகளோ?"

மணல்

மூன்றாம் நாளே கூப்பிட்டு ஆள் வந்துவிட்டது. கடற்கரையில் ஓர் ஊர். முதல் பிரசவம், குழந்தை குறுக்கே கிடக்கிறது. ஜீப் போனது. ரோடு முடிந்து மணல் தொடங்கிய இடத்திலிருந்து ஒரு பர்லாங் ஓடியது. அதற்கு மேல் நாலு சக்கரமும் நாலு குழி தோண்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. சுப்பையா ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க, பெரிய பட்டன் மண்வெட்டி மாதிரி மணலை அள்ளிப் போட்டது.

கடைசியில் அந்தப் பெண்ணைக் கயிற்றுக் கட்டிலில் வைத்து, நாலு பேர் மாற்றி மாற்றித் தோளில் தூக்கிவந்தார்கள். தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

மறுநாள் காலை டாக்டரம்மா என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். நாற்காலி போட்டேன். உட்காரவில்லை. சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"கட்டில் வந்துடுச்சு மேஸ்திரி. உங்க ஜீப்தான் வரலை."

கழற்றியது

அன்றைக்கே வேலையை ஆரம்பித்தேன். ஆயாம்மா சரி என்று சொன்னால்தான் வண்டியை எடுப்பேன் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பக்கத்துக்கு ஒரு பட்டை கழற்றி நார்த்தாமலைக்குப் போய் வந்தோம். ஆயாம்மா தலையை ஆட்டிவிட்டார். இரண்டாவதையும் கழற்றிப் போய் வந்தோம். கொண்டை அவிழவில்லை. டயரையும் பழையபடி மாற்றிவிட்டேன். சுப்பையா வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. பேச்சில் இருந்தது.

"அண்ணே, இப்பக் கம்பெனியிலேருந்து வந்த மாதிரியே இருக்குல்ல?"

காற்று

காற்றை மட்டும் குறைக்கவில்லை. காற்றுக் குறைந்த டயர் ரிம்மில் மாட்டி அறுந்துபோகும் என்பது நான் தொழில் படித்த காலத்திலிருந்து தெரிந்த சங்கதி. கல்லு மாதிரிதான் அடித்தேன்.

அடுத்த முறை ஆள் வந்தபோது ஆஸ்பத்திரியில் வண்டியைக் கொடுக்கப் போயிருந்தேன். நானும் ஏறிக்கொண்டேன். அதே ஊர், வேறு பெண். இரட்டைக் குழந்தை என்றார்கள். வழியில் பின்பக்க இடது டயரில் கருவேல முள் ஏறியிருக்கிறது. காற்று மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. போய்ச் சேர்ந்ததும் ஒட்டிக்கொள்ளலாம் என்று விட்டேன். மணலில் போன தடவையைவிடக் கொஞ்சம் தூரம் போனோம். அப்புறம் வலது பக்கம் இறங்கிவிட்டது.

பனையோலை வெட்டிச் சக்கரத்துக்கு அடியில் போட்டேன். தள்ளினோம். ஓலை பின்னால் பறந்ததுதான் மிச்சம். ஆயாம்மாவைக் காணோம். பார்த்தால், பத்தடி பின்னால் குந்தி உட்கார்ந்து நாங்கள் வந்த தடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"தள்ளாம அங்கே என்ன பண்றே?" என்று கத்தினேன்.

"இங்கிட்டு வந்து பாருங்கண்ணே. வலதுபக்கத் தடம் ஏர் ஓட்டுன மாதிரிப் பள்ளமாக் கெடக்கு. இந்தப் பக்கம் பாய் விரிச்ச மாதிரி இருக்கு. காத்து எறங்குன சக்கரம் மணலுக்கு மேலயே வந்துருக்கு. எல்லாத்துலயும் எறக்கி விடுங்க."

"டயர் அறுந்துபோகும்."

"அறுந்தா வேற வாங்கலாம். அங்க ஒருத்தி பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கா. அவளுக்கு வேற உசிரு வாங்கித் தருவீகளா?"

நான் பதில் சொல்வதற்குள் கொண்டை ஊசியை உருவி வலது சக்கரத்துக்குப் போய்விட்டார். உஸ் என்று காற்று போகிற சத்தம் கேட்டது. நான் கடல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா நின்றது என் தொழிலில் அதுதான் முதல் தடவை. மூன்று டயரும் அடியில் சப்பையாகப் பிதுங்கின. சக்கரத்துக்கு முன்னால் இருந்த மணலை வழித்துவிட்டு, சுப்பையா மெதுவாகக் கிளட்சை விட்டார். ஜீப் ஒரு உறுமல்கூட இல்லாமல் குழியை விட்டு ஏறி, எங்களை விட்டுவிட்டுப் போனது. நானும் ஆயாம்மாவும் பின்னால் ஓடினோம்.

ஊருக்குள் போய் அந்தப் பெண்ணை ஏற்றி, வந்த தடத்திலேயே திரும்பினோம். கெட்டி ரோட்டிலும் காற்றடிக்க நிற்கவில்லை. மாட்டு வண்டி வேகத்தில் உருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி சேர்ந்தோம். இரண்டும் பெண் குழந்தைகள். மூன்று பேரும் பிழைத்தார்கள். டயர் ஒன்றும் அறுந்துபோகவில்லை.

நான் வாசலில் குந்தி, பஞ்சர் ஒட்டி, கைப் பம்பால் நாலு சக்கரத்துக்கும் காற்றடித்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"இத்தனை நாளா வண்டிக்கு என்னதான் ஆச்சு மேஸ்திரி? கடைசியில யாரு சரி பண்ணினது?"

அன்றைக்கு மூச்சு வாங்கியதால் சொல்லவில்லை, இப்போது எழுதிவிடுகிறேன்: பட்டை கூட்டியது நான், டயர் மாற்றியது நான், கல்லாகக் காற்றடித்ததும் நான், வண்டியைச் சரி செய்தது ஆஸ்பத்திரி ஆயா முத்துக்கண்ணு.