புது மாப்பிள்ளையோடு உல்லைக் கடலுக்கு

நிந்தவூரிலிருந்து எங்கள் வேன் புறப்பட்டபோது காலை ஆறரை மணி. ஆறு மணிக்குப் புறப்படுவதாகத்தான் ஏற்பாடு. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வருடம் தவறாமல் சுற்றுலாக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்த ஆசிரியை நான். ஒரு பயணமும் என்னால் பிந்தியதில்லை. ஆனால் என் கணவர் விடிகாலைச் சுபஹ் தொழுதுவிட்டு வரும் வழியில் யாரோடோ நெல் விலை பேச நின்றுவிட்டார். நெல் விலை பேசத் தொடங்கினால் அவருக்கு வீடு எந்தப் பக்கம் என்பதே மறந்துபோகும்.

எங்கள் வீட்டு வளவின் பின்பக்கம் நின்றால் கடல் இரைவது கேட்கும். அப்படியிருக்க, தெற்கே ஏறக்குறைய அறுபது கிலோமீற்றர் தள்ளி இருக்கிற அறுகம்பேக்கு இருபதாயிரம் ரூபாய்க்கு வேன் பிடித்துப் போவானேன் என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். வெளிநாட்டுக்காரர் அறுகம்பே என்கிற அந்தக் கரையை எங்கள் ஆட்கள் உல்லை என்பார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கூட்டம் என்று எங்களை நினைத்திருப்பார்கள். காரணத்தை அவர்களிடம் சொல்ல முடியுமா? உங்களிடம் சொல்லுகிறேன்.

என் இளைய மகள் ஸஹ்றாவுக்குக் கலியாணம் முடிந்து ஒரு மாதம். மாப்பிள்ளை அஸ்லம் ஏறாவூர்ப் பிள்ளை. கத்தாரில் ஏசி பொருத்துகிற வேலை. மூன்று மாத லீவில் வந்து கலியாணம் முடித்தவர். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார், அவரும் அப்படி எங்கள் வீட்டில் இருக்கிறார். நல்ல பிள்ளை. தொழுகை தவறாது, சிகரெட் இல்லை, சத்தம் இல்லை. சத்தம் இல்லாததுதான் எங்கள் கவலை. எதையாவது கேட்டால் ஓம் என்பார், அதோடு சரி. வைத்த சாப்பாட்டில் பாதி திரும்பி வரும். ஆளும் மெலிந்துபோனார். போன கிழமை மகளிடம், லீவு முடிய முன்னமே கத்தாருக்குத் திரும்பிவிடலாமா என்று யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்றிலிருந்து என் பிள்ளையின் முகம் வீங்கிக் கிடந்தது. "அவருக்கு என்னப் புடிக்கல்ல போல உம்மா" என்று ஒரு நாள் நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் வந்து சொன்னாள். கலியாணம் முடித்த கையோடு, லீவும் முடியாமல் மாப்பிள்ளை விமானம் ஏறினால் ஊர் சும்மா இருக்குமா? ஊரை விடுங்கள், என் பிள்ளை எப்படித் தாங்குவாள்? அந்தக் கிழமை ஏழு நாளும் எனக்கு நித்திரை இல்லை. அப்போதுதான் என் கணவர், உல்லைக்குப் போய் ஒரு இரவு தங்கி வருவோம், கடல் காற்றுப் பட்டால் மாப்பிள்ளைக்கு வாய் திறக்கும் என்றார். நம்மூர்க் கடலிலும் அதே காற்றுத்தானே என்று கேட்க வாய் உன்னியது. அடக்கிக்கொண்டேன்.

வேனில் முன் ஆசனம் மாப்பிள்ளைக்கு. அதற்கு ஒரு புதுத் துவாயும் விரித்திருந்தோம். சாரதி றிபாய்க்குப் பக்கத்தில் அவர், பின்னால் நாங்கள் மூவர். ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என்று ஊர்கள் ஒன்றின் வாலில் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தன. சிறுபோக அறுவடைக் காலம். தெருவோரம் பாய் விரித்து நெல் காயப்போட்டிருந்தார்கள். என் கணவர் ஒவ்வொரு குவியலையும் கழுத்தைத் திருப்பிப் பார்த்து, ஈரம் காயவில்லை, பதர் கூட என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஏழேகாலுக்கு அக்கரைப்பற்றில் தேநீருக்கு நிறுத்தினோம். நாங்கள் கடை வாசலில் நின்று பிளேன்டீ குடித்தோம். மாப்பிள்ளைக்குப் பால் தேநீரும் இடியப்பமும் வேனுக்கே போயின. இறங்கிவந்து வெயிலில் நிற்க வேண்டாம் என்று என் கணவர் அவரை அமர்த்திவிட்டார். கிளாஸைத் திருப்பிக் கொண்டுவந்த றிபாய் என்னிடம், "ரீச்சர், உங்கட மருமகன் நல்லாக் கதைக்காரே. என்ட புள்ளைகள்ற பேரெல்லாம் கேட்டுட்டார்" என்றான். அவன் நல்லதற்குத்தான் சொன்னான். ஆனால் முக்கால் மணி நேரம் பழகிய சாரதியோடு கதைக்கிற வாய், ஒரு மாதமாகச் சோறு போட்ட எங்களோடு திறக்கவில்லையென்றால் அதற்கு என்ன அர்த்தம்? இனி இது சரிவராது என்று அந்த இடத்திலேயே நினைத்தேன். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

திருக்கோவிலில் முருகன் கோயிலுக்குப் போகிற சனத்தால் பாதை நெருங்கி, வேன் ஊர்ந்தது. அதைத் தாண்டினால் ஊர்கள் ஐதாகிவிடும். கோமாரிப் பக்கம் ஒரு பக்கம் பற்றைக்காடு, மறுபக்கம் தென்னைகளுக்கிடையே கடல் எட்டிப்பார்க்கும். தெருவில் யானை இலத்தி கிடந்தது. யானை கிடக்கவில்லை, அல்லாஹ் காப்பாற்றினான். பொத்துவிலைக் கடந்து பாலத்தில் ஏறியபோது ஒன்பது மணி இருக்கும். அந்தப் பாலத்தில் நின்று பார்க்கத்தான் வேண்டும். ஒரு கையில் களப்பு நீர், அசையாமல் கிடக்கும். மறு கையில் கடல், நிற்காமல் அடிக்கும்.

உல்லை ஒற்றைத் தெரு. இரண்டு பக்கமும் அலைச்சறுக்குப் பலகை வாடகைக்கு விடுகிற கடைகள், ரொட்டிக் கடைகள், ஓலை வேய்ந்த கபானாக் குடில்கள். நாங்கள் தங்கிய இடத்தை நடத்துகிறவர் பரீதா என்கிற உள்ளூர்ப் பெண். என் வயதிருக்கும். கபானா ஒன்று இரவுக்கு எட்டாயிரம், இரண்டு எடுத்தோம். வெளிநாட்டுப் பெண்கள் அரை உடுப்போடு தெருவில் நடந்து போனார்கள். என் கணவர் அன்று முழுக்க வானத்தையும் தென்னை உச்சியையும் பார்த்துக்கொண்டே திரிந்தார். ஒரு தென்னையில் முட்டியும் கொண்டார்.

கடற்கரை அரிவாள் போல வளைந்தது. ஒரு முனையில் மீன்பிடி வள்ளங்கள் மணலில் ஏறிக் கிடக்கின்றன. மறு முனையில் வெள்ளைக்காரர் பலகையின் மேல் ஏறி நிற்பதும் கடலுக்குள் விழுவதுமாக இருக்கிறார்கள். விழுவதற்கு இவ்வளவு செலவு செய்து வருவார்களா என்று நான் கேட்டேன். அஸ்லம் காற்சட்டையை மடித்துவிட்டு முழங்கால் நீரில் நின்றார். ஸஹ்றா அவரிடமிருந்து நாலு எட்டுத் தள்ளி நின்றாள். எங்களைப் பார்த்து வெட்கப்படுகிறாள் என்று நாங்கள் இன்னும் பின்னுக்குப் போய் நின்றோம். அவர் இரண்டு தரம் திரும்பி எங்களைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கடலைப் பார்த்தார்.

இனி நடந்ததைச் சொல்ல, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு முறையைச் சொல்ல வேண்டும். புது மாப்பிள்ளைக்குச் சோறு தனியாக அறைக்குள் போகும். மீனில் தலை, கோழியில் கால், இறாலில் பெரியது எல்லாம் அவருக்கு. மாமனார் பக்கத்தில் நின்று போட்டுக்கொடுப்பார், கூட இருந்து சாப்பிட மாட்டார். மாமியார் எதிரே வரவே மாட்டாள். அவர் கை கழுவிய பிறகுதான் நாங்கள் குசினியில் பாயை விரித்து, சஹன் என்கிற பெரிய தட்டில் சோற்றைக் கொட்டி, சுற்றியிருந்து கைபோட்டுச் சாப்பிடுவோம். மகளும் எங்களோடுதான் சாப்பிடுவாள், அப்படித்தான் நான் பழக்கினேன். மரியாதையில் குறை வைத்தார்கள் என்று ஏறாவூரில் யாரும் சொல்லிவிடக் கூடாதே!

உல்லைக்கும் அந்த மரியாதையைக் கட்டிக்கொண்டுதான் போயிருந்தேன். மாப்பிள்ளைக்குத் தனிச் சாப்பாட்டுக் கரியர், எங்கள் மூவருக்கும் சட்டியில் சோறும் ஆணம் என்று நாங்கள் சொல்கிற பாரை மீன் குழம்பும். கரியரைக் கபானா வாசல் தூணில் மாட்டிவிட்டுப் பகல் ளுஹர் தொழப் போனேன். திரும்பி வந்தால் தூணில் கரியர் இல்லை. குரங்கு ஒன்று இழுத்து மணலில் கொட்டியிருந்தது. கூரையில் இருந்து அது பொரித்த இறாலை முகர்ந்து முகர்ந்து எறிய, கீழே கடற்கரை நாய்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இறாலுக்காகவா அழுவேன்? இந்த ஒரு பயணத்தையாவது குறையில்லாமல் முடிக்கலாம் என்று பார்த்தேனே என்றுதான். றிபாய் பொத்துவிலில் தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தான், வேறு சோறு வாங்கிவர வேனும் இல்லை. பரீதாதான் எங்கள் சட்டியை வாங்கிக்கொண்டுபோய்ச் சூடாக்கினார். தன் வீட்டுச் சஹனில் சோற்றைக் கொட்டி, மரநிழலில் பாய் விரித்து நடுவில் வைத்தார். என் கணவர் தயங்கித் தயங்கி, மாப்பிள்ளைக்கு ஒரு தனிச் சோற்றுக் கோப்பை கிடைக்குமா என்று கேட்டார்.

"நாலு பேருக்கு ஒரு சஹன் காணும்" என்றார் பரீதா. "மருமகன் மாமிக்கு மஹ்றம்தானே, இதில என்ன வெக்கம்? இரிங்க, சோறு ஆறுது."

மஹ்றம், திரை வேண்டாம் என்று மார்க்கமே சொன்ன உறவு; அதைத்தான் நாங்கள் திரை போட்டு வைத்திருந்தோம். சொல்லிவிட்டு அந்தப் பெண் தன் பாட்டுக்குப் போய்விட்டார். நாங்கள் நால்வரும் சஹனைச் சுற்றி நின்றோம். யார் முதலில் பாயில் உட்காருவது என்று யாருக்கும் தெரியவில்லை. அஸ்லம் இருந்தார். பிஸ்மி சொல்லிக் கையை வைத்தார். நாங்களும் இருந்தோம். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு என் பக்கத்துச் சோற்றை நான் சும்மா கிளறினேன். அவரோ குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். புளியும் மிளகாயும் ஏறிய ஆணம், கண்ணில் நீர் வரச் சாப்பிட்டார். அவருக்கு முன்னால் இருந்த சோறு முடிந்து, மகளின் பக்கத்திலும் கை போனது. அப்படி அவர் சாப்பிட்டதை நான் கண்டதேயில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

"மாமி, ஒண்டு கேட்கன், கோவிக்காதீங்க. உங்கட ஊட்டுல குசினிக்குள்ள எல்லாரும் சிரிச்சிச் சிரிச்சிச் சாப்பிடுற சத்தம் எனக்கு அறைக்குள்ள கேட்கும். என்ன மட்டும் ஏன் தனிய வைக்கிற?"

மரியாதை, மகன், மரியாதை என்று என் கணவர் முணுமுணுத்தார். அஸ்லம் விளக்கினார். ஏறாவூரிலும் அந்த மரியாதை இருக்கிறதாம், ஆனால் ஏழு நாளைக்குத்தானாம். அதற்குப் பிறகு குசினிக்குள் வா என்று மாமி கூப்பிட்டுவிடுவாளாம். எங்கள் ஊரில் மாப்பிள்ளை தானாக வர வேண்டும். இப்போது தனி வீட்டில் இருக்கிற மூத்தவளின் புருஷன் பத்தாம் நாளே குசினிக்குள் வந்து சட்டியைத் திறந்து பார்த்தவர். நாங்கள் இவர் வருவார் என்று பார்த்திருக்க, இவர் நாங்கள் கூப்பிடுவோம் என்று பார்த்திருக்கிறார்.

"கத்தார்ல எட்டுப் பேர் ஒரே சஹன்லதான் சாப்பிடுற. இங்க வந்து தனியச் சோத்தப் பார்த்தா இறங்குதில்ல. உங்களுக்கு என்னப் புடிக்கல்ல எண்டு நினைச்சன் மாமி. பாரமா இரிக்காம போயிருவம் எண்டுதான் டிக்கட்ட மாத்தப் பார்த்தன்."

ஸஹ்றா அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. இந்தப் பிள்ளையைப் பிடிக்கவில்லையா! பிடித்துப்போய்த்தானே கோழிக்கால் எல்லாவற்றையும் அறைக்குள் அனுப்பினோம்! மீனின் நடுத்துண்டைப் பிய்த்து அவர் பக்கம் வைத்தேன். "தின்னுங்க மகன்" என்று மட்டும் சொன்னேன். நேருக்கு நேராய் அவரோடு நான் கதைத்தது அதுதான் முதல் தரம். டிக்கட் அப்படியே இருக்கட்டும் என்றார் அவர். என் கணவர் உடனே அவரிடம் கத்தாரில் அரிசி என்ன விலை என்று கேட்கத் தொடங்கினார்.

பின்னேரம் உல்லை வேறு ஊராகத் தெரிந்தது. காலையில் பார்த்த அதே கடைகள்தான், அதே பலகைகள்தான். ஸஹ்றாவும் அஸ்லமும் வள்ளங்கள் இருக்கிற முனை வரைக்கும் நடந்து போனார்கள், நாங்கள் பின்னால் போகவில்லை. செவ்விளநீர் ஒன்று இருநூறு ரூபாய், அநியாய விலை. இரண்டு குடித்தேன். அன்றிரவு கடல் இரைச்சலில் விழுந்து படுத்தவள், சுபஹுக்குத்தான் கண் விழித்தேன். வெளிநாட்டுக்காரர் எழும்ப முன்னம், இருள் பிரிகிற நேரத்தில், நானும் மகளும் அபாயாவோடேயே கடலில் இறங்கினோம். ஓர் அலை வந்து என்னைக் குப்புறத் தள்ளியது. உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டு எழும்பினால், கரையில் நின்று என் கணவரும் மருமகனும் ஒன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பத்து மணிக்குப் புறப்பட்டோம். நன்றாக இருக்கிறது உல்லை, போய்ப் பாருங்கள். மணல் சுத்தம், கபானா சுத்தம், கரியரை மட்டும் தூணில் மாட்டாதீர்கள். நிந்தவூர்க் கடலுக்கு அந்த வளைவு இல்லை, பாலம் இல்லை, பார்க்க வருகிற ஆட்களும் இல்லை. ஆனாலும் வேன் எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது இந்தக் கடலே போதும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மறுநாள் பகல் குசினியில் பாயை விரித்தேன். அறைக்குள் ஒன்றும் போகவில்லை. நான்கு பேரும் சஹனைச் சுற்றி இருந்தோம். அஸ்லம் ஒரு பிடி வாயில் வைத்தார், மென்றார், என்னைப் பார்த்தார். "மாமி, ஆணத்துக்கு உப்புக் கூடிப் போச்சு" என்றார். ஸஹ்றா அவர் தொடையில் கிள்ளினாள். இத்தனை வருடத்தில் அப்படியொரு சொல் சொல்லத் துணியாத என் கணவர் சோற்றைக் கையில் வைத்தபடி என் முகத்தைப் பார்த்தார். நான் தண்ணீர் எடுக்கிற சாட்டில் எழும்பி, அடுப்புப் பக்கம் திரும்பிநின்று கண்ணைத் துடைத்தேன். என் மருமகன் என் சமையலில் குற்றம் சொல்லிவிட்டார், அல்ஹம்துலில்லாஹ்.