எட்டுக்கையின் கோட்டையை நாம் எரித்தது

'எட்டுக்கை இறந்துட்டாங்க' என்று நம் விளையாட்டு அணியின் குழுவில் செய்தி வந்தபோது நம்மில் ஒருவரும் நம்பவில்லை. செய்தி வந்தது அவருடைய கணக்கிலிருந்தே. ஒருவர் தன் சாவைத் தானே அறிவித்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? போன வருடம் கருங்கொடிக் கூட்டணியோடு நடந்த போரில் 'தலைவி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்' என்று அவரே புரளி கிளப்பிவிட்டு, எதிரிகள் அசந்த நேரம் பார்த்து அவர்களுடைய கோட்டைகளைச் சாம்பலாக்கியதை மறந்துவிட முடியுமா? அதனால் 'இந்தத் தடவை எந்தப் பக்கம் அடிக்கிறோம் தலைவி?' என்று கேட்டார் திருச்செங்கோட்டுத் தம்பி. இன்னொருவர் வாள் படம் போட்டார். அதன் பிறகு அதே கணக்கிலிருந்து மறுபடியும் எழுத்து வந்தது. 'நான் அவ ஊட்டுக்காரனுங்க. மொளகு மரத்துல இருந்து விழுந்துட்டாளுங்க. பொய் இல்லீங்க.' வாள் படம் போட்டவர் அதை அழித்துவிட்டார்.

விளையாட்டில்தான் அவர் எட்டுக்கை. மலையில் கோயில் கொண்டிருக்கும் அம்மனின் பெயரை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார். நிஜத்தில் வெள்ளையம்மாள். கொல்லிமலையில் குண்டூர் நாட்டுக்காரர். மிளகும் மரவள்ளியும் போட்டிருந்தார். வயது நாற்பதைத் தொட்டிருக்காது. கோட்டை கட்டி, படை திரட்டி, அடுத்தவர் கோட்டையைக் கொளுத்துகிற இந்த ஆன்லைன் விளையாட்டில் நம் அணிக்குப் புதிதாக வந்த அத்தனை பேரையும் பழக்கியவர் அவர். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். செல்போனைப் பார்த்துக்கொண்டே மரமேறினாள், அதனால்தான் விழுந்தாள் என்று எங்கள் சந்தையில் சிலர் பேசிக்கொள்கிறார்கள். போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. ஒற்றை மூங்கில் ஏணி பாதியில் முறிந்தது. கீழே பாறை. கழுத்து ஒடிந்து, பறித்த மிளகெல்லாம் இரத்தத்தில் நனைந்து கிடந்ததாம். இனி என் காதுபட எவனாவது போன் கதையைச் சொன்னால் பல்லைத் தட்டிக் கையில் கொடுப்பேன்.

என்னை அவர் எரித்த கதை உங்களுக்குத் தெரியும். அவரே எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். என் பக்கத்தையும் கேளுங்கள். நான் மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்காரன், ஐம்பதைக் கடந்தவன். டிராக்டர் சாய்ந்து கால் முறிந்து கட்டிலில் கிடந்தபோது பொழுது போகட்டுமென்று என் மகன் போனில் ஏற்றித் தந்தது இந்த விளையாட்டு. பொழுது போவதற்குப் பதில் எனக்குப் பைத்தியம் பிடித்தது. கால் கூடுவதற்குள் ஒரு கோட்டையைக் கட்டிவிட்டேன். மூன்று பக்கம் மதில், ஒரு பக்கம் ஆறு, லாயம் நிறையக் குதிரைகள். ஒரு நாள் மாலை இந்த அணியில் சேர்ந்தேன். 'வாங்க வாங்க' என்று எட்டுக்கை வரவேற்றார். மறுநாள் காலையில் பார்த்தால் கோட்டை இருந்த இடத்தில் புகை. குதிரைகள் கருகிக் கிடந்தன. சாம்பலின் நடுவில் எட்டுக் கை வரைந்த கொடி பறந்துகொண்டிருந்தது.

வரவேற்றவரே கொளுத்தினால் யாருக்குப் பொறுக்கும்? வாயில் வந்ததையெல்லாம் குழுவில் எழுதினேன். 'எந்த ஊருன்னு சொல்லிட்டுத் திட்டுங்க' என்று பதில் வந்தது. பேளுக்குறிச்சி என்றேன். 'நான் குண்டூர் நாடு. தெம்பிருந்தா மேல வாங்க' என்றது அடுத்த பதில். ஆத்திரத்தில் இடிபாட்டின் மேல் ஒரு மதிலை எழுப்பிவிட்டு, பைக்கில் ஒரு தடியைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் கூடின எலும்பு விண்விண்ணென்று வலித்தது. அந்த வலியையும் அவன் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன். ஆமாம், அவன் என்றுதான் நினைத்திருந்தேன், பெரிய மீசையோடு.

விசாரித்துக்கொண்டு போனால் ஒரு மிளகுத் தோட்டத்தைக் கை காட்டினார்கள். மரத்தின் மேலே கொடிக்குள் ஆள் அசைந்தது. "எவன்டா அது எட்டுக்கை? எறங்குடா கீழ!" என்று கத்தினேன். "எறங்க முடியாதுங்க, கூடை இன்னும் நெம்பலை" என்று மேலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. குரலுக்குப் பின்னாலேயே ஓர் அருவாளும் வந்து என் கால் கட்டைவிரலுக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் குத்தி நின்றது. "கை தவறிடுச்சுங்ணா" என்றார். அதை நான் அன்றைக்கும் நம்பவில்லை, இன்றைக்கும் நம்பவில்லை.

இறங்கி வந்தவர் என்னைப் பார்க்கவில்லை, தடியைத்தான் பார்த்தார். "இதை உங்க கோட்டை வாசல்ல நிறுத்தியிருந்தா நான் உள்ள வந்திருக்க மாட்டனுங்களே. படையைப் பூராத்தையும் கொள்ளைக்கு அனுப்பிட்டு ஆத்தை நம்பித் தூங்கிட்டீங்க. ஆத்துல வர எங்கிட்டப் படகு இருக்குதுங்ணா." பிறகு அருவாளை மண்ணிலிருந்து பிடுங்கித் துடைத்தபடி அவர் சொன்னதைத்தான் உங்களில் ஒவ்வொருவரிடமும் சொல்லியிருப்பார்: "நான் எரிச்சா ஒருக்காத்தான். கருங்கொடிக்காரன் எரிச்சா தெனமும் எரிப்பான். எரிஞ்ச மறுநாளு யாரு ஒரு செவுரு வெக்கறாங்களோ அவங்க நம்மாளு. வெக்காதவங்க போகட்டும், நான் கூப்புட மாட்டேன்." கிளம்பும் முன் நான் எழுப்பிய மதிலைக் காலையிலேயே பார்த்துவிட்டாராம். நான் வீடு வந்து சேர்வதற்குள் அவர் கோட்டையிலிருந்து வண்டி வண்டியாகக் கல்லும் நெல்லும் என் சாம்பல் மேட்டுக்கு வந்திருந்தன. 'எரிச்சவதான் மொத மூட்டை அனுப்போணும்' என்று கூடவே எழுதியிருந்தார்.

அவரை ஏதோ சாந்த சொரூபியாக்கி யாரும் மாலை போட வேண்டாம். பொல்லாத மனுஷி. அணியின் பேச்சு அழைப்பில் அவர் குரலைக் கேட்டுவிட்டு, புதிதாக வந்த ஒருவர், "பொம்பளையா? அடுப்புல சோறு தீயுது, போய்ப் பாருங்க" என்றார். அன்றைக்கே அந்தப் புதியவரின் கோட்டை எரிந்தது. கட்டினார், எரிந்தது. மறுபடி கட்டினார், கூரை வேயும் முன்பே எரிந்தது. ஒருக்காத்தான் எரிப்பேன் என்ற தன் விதியை எட்டுக்கை இவர் ஒருவருக்காக மட்டும் ஒதுக்கி வைத்தார். கடைசியில் புதியவர் மன்னிப்புக் கேட்டபோது, "மன்னிப்பை வெச்சு நான் என்ன பண்ணட்டுங்க? உங்க மேக்கால வாசல்ல காவலே இல்லை, அதைப் பாருங்க மொதல்ல" என்று பதில் வந்தது. அந்த மனிதர்தான் இன்றைக்கு நம் படைத்தலைவர். அவரும் இதைப் படிப்பார், பெயரைச் சொல்லி மானத்தை வாங்கவில்லை.

எட்டுக்கை போனதும் நம் முன்னால் நின்ற கேள்வி, அவருடைய கோட்டை. ஆளில்லாத கோட்டைக்கு விளையாட்டே போடும் பாதுகாப்புக் கேடயம் சில நாள்தான் தாங்கும். அது தீர்ந்ததும் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். எரித்தவரின் கொடி அந்த இடத்தில் நிற்கும். கருங்கொடிக்காரர்கள் அதற்கெனவே எல்லையில் படையைக் குவித்துக்கொண்டு, 'குண்டூர்க்காரி சாம்பலில் எங்கள் கொடி' என்று எல்லாருக்கும் எழுதி அனுப்பினார்கள். அதைப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரே வழிதான் இருந்தது. அவர்களுக்கு முன்னால் நாமே எரிக்க வேண்டும். அதற்குக் கேடயத்தை இறக்க வேண்டும். இறக்க முடிகிற போன் அவர் வீட்டுக்காரர் சடையனிடம் இருந்தது.

துக்கத்துக்குப் போனவன் இதைக் கேட்கலாமா என்று கூசிக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். வாசலில் காயப்போட்ட மிளகைக் கிளறிவிட ஆளில்லை. சடையன் அதிர்ந்து பேசாதவர், இந்த விளையாட்டைத் தொட்டதே இல்லை. மனைவியின் போனை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். "நீங்கதானுங்க பேளுக்குறிச்சி?" என்றார் அவராகவே. "உங்க குதிரையெல்லாம் எரிச்சன்னிக்கு ரெண்டு வாட்டி சோறு போட்டுத் தின்னாளுங்க." பிறகு உங்களில் பலருடைய பெயரைச் சொன்னார். யாருடைய மதில் எந்தப் பக்கம் விழுந்தது என்பதுவரை தெரிந்துவைத்திருந்தார். வெள்ளையம்மாள் எரித்த ஒவ்வொருவரும் அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சாக இருந்திருக்கிறோம்.

நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. போனைத் துண்டுக்குள் மூடிக்கொண்டார். "எரிய உடமாட்டனுங்க. அவளைக் குழியில வெச்சு மண்ணைத் தள்ளிட்டு வந்துட்டேன். அவ கையால கட்டுனதுல நிக்கறது இது ஒண்ணுதான். பொழுதுக்கும் இதைத்தான் பாத்துட்டு உக்காந்திருக்கறேன்" என்றார். கருங்கொடிக்காரர்கள் எழுதியதை மட்டும் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து போய் மிளகைக் காலால் கிளறினார். கிளறி முடித்துத் திரும்பி, "நம்ம அணியில எத்தனை பேரை எரிச்சிருக்கறா?" என்று கேட்டார்.

"எல்லாரையும்" என்றேன்.

"அப்ப எல்லாரும் வரோணுங்க. ஒருத்தரு கொறையக்கூடாது. பாவம்னு பாத்து மெதுவா அடிக்கக்கூடாதுங்க. அவ யாரையும் மெதுவா அடிச்சதில்லை."

கேடயத்தை அவரே இறக்கினார்.

அன்றைக்கு நடந்ததை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். ஒருவரும் வராமலிருக்கவில்லை. ஆற்றுவழியாக நான் படகில் போனேன். மேற்கு வாசலைப் படைத்தலைவர் உடைத்தார். எட்டுத் திசையிலிருந்தும் தீ அம்புகள் விழுந்தன. மதில் சரிந்து எட்டுக்கையின் காவலர்கள் நசுங்கினார்கள். யானைகள் தீப்பற்றிப் பிளிறிக்கொண்டு நம் காலாட்களை மிதித்துக் கூழாக்கின. அவர் நிறுத்திவைத்த இடத்தை விட்டு ஒரு வீரனும் நகரவில்லை, வெட்டுப்பட்டுத்தான் விழுந்தான். செத்த பிறகும் என் குதிரைப் படையில் பாதியைக் கொன்றுவிட்டார் மனுஷி. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே அவருடைய களஞ்சியத்துக்கு நெருப்பு வைத்தேன். எல்லாம் அடங்கியபோது அந்தச் சாம்பல் முழுக்க நம் கொடிகளாக நின்றன. கருங்கொடிக்காரர்கள் எல்லையிலிருந்து வேடிக்கை பார்த்துவிட்டுக் கலைந்து போனார்கள்.

மறுநாள் காலையில் பழக்கதோஷத்தில் அந்த இடத்தைத் திறந்து பார்த்தேன். சாம்பலின் நடுவில் ஒரு மதில் நின்றது. கோணல்மாணலாக, எதற்கும் உதவாத திசையில், ஒரே ஒரு மதில். கீழே எட்டுக்கையின் கணக்கிலிருந்து, 'அண்ணா, சடையனுங்க. அடுத்து என்னங்க பண்ணோணும்?' என்று ஒரு கேள்வி.

வெள்ளையம்மாளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அவருடைய அந்தப் பொல்லாத குணத்தைத்தான். எரித்தவனே முதல் மூட்டையை அனுப்ப வேண்டும். எழுந்து நிற்பவனை எதிரி அடிப்பதற்கு முன்னால் நாமே அடித்துப் பார்க்க வேண்டும். அன்றைக்கே சடையனுக்குக் கல்லும் நெல்லும் அனுப்பினேன். 'ஆத்துப் பக்கம் தொறந்து கெடக்குதுங்க. ஞாயித்துக்கெழம எரிக்க வாரேன்' என்றும் எழுதினேன்.

உடனே பதில் வந்தது. 'வாங்ணா. அவ அருவா எங்கிட்டத்தான் இருக்குது.'