தொட்டில்காரர் மலைக்குப் போனார்

மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவர்களில் பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் முகம் மலருகிற ஒரே ஆள் அவர்தான். தொட்டில்காரர். அவர் வண்டியில் ஏறிய கைக்குழந்தை அழுததாகச் சரித்திரமே கிடையாது. மூன்றாவது வளைவுக்குள் கண் சொக்கிவிடும். மற்ற வண்டிகளில் ஜன்னலோர இடத்துக்கு அடிதடி நடக்கும், எதற்கென்று மலை ஏறினவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொட்டில்காரர் வண்டியிலோ ஜனங்கள் கடலை கொறித்துக்கொண்டு வருவார்கள். "என் வண்டியில இதுவரைக்கும் ஒருத்தர்கூட வாந்தி எடுத்ததில்லை" என்று டிப்போவில் மார்தட்டிக்கொள்வார்.

சுத்தப் பொய். ஒருத்தர் எடுத்திருக்கிறார். அது அவருடைய மனைவி.

கல்யாணமான புதிதில் நடந்தது. புதுப்பெண்ணுக்கு மலையைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்று ஆசை ஆசையாகத் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டார். முன்பக்கம் இடமில்லாததால் அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பாதி மலையில் பின்னால் ஒரே களேபரம். யார் எவர் என்று பார்க்காமல், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், இவர் ஒரு சத்தம் போட்டார்: "ரெண்டு வளைவு தாங்காதவங்கல்லாம் எதுக்கு மலைக்கு வர்றீங்க? வண்டியை யாரு கழுவுறது, உங்க வீட்டுக்காரனா?" வண்டியே கொல்லென்று சிரித்தது.

அவள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாள். எதிரே வந்த வண்டியைக் கைகாட்டி நிறுத்தி ஏறி, வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் இவர் சமாதானம் சொல்லப் போனார். என்ன சொன்னார் தெரியுமா? "நீன்னு தெரிஞ்சிருந்தா திட்டியிருப்பேனாம்மா?" இது ஒரு சமாதானமா, நீங்களே சொல்லுங்கள். "அப்போ வேற ஒருத்தன் பொண்டாட்டின்னா திட்டலாமா?" என்று அவள் திருப்பிக் கேட்டதற்கு மனிதரிடம் இன்றுவரை பதில் இல்லை. இனி அந்த மலைப்பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்றாள் அவள். சொன்னால் சொன்னதுதான். மகள் பிறந்து, வளர்ந்து, படித்து, மருந்துக்கடையில் வேலைக்கும் சேர்ந்தாயிற்று. அம்மா மலை ஏறவில்லை. மற்றபடி குறையில்லாத குடித்தனம். முன்னறையில் தையல் மிஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைக்கிறாள் அவள். இவர் கிளம்பும்போது காலர் தைத்துக்கொண்டிருப்பாள், திரும்பும்போது கைப்பட்டி. சிரிப்பும் கிண்டலுமாகத்தான் வீடு நடந்துகொண்டிருந்தது. மலை என்ற பேச்சு வந்தால் மட்டும் மிஷின் கொஞ்சம் வேகமாக ஓடும்.

இப்படி இருக்கும்போதுதான் டிப்போவில் அவரைக் கூப்பிட்டு, அடுத்த மாதத்திலிருந்து டவுன் வண்டி என்றார்கள். வளைவு கிடையாது, பனி கிடையாது, சமதரை. ஆளாளுக்குக் கைகுலுக்கினார்கள். இவரோ வீட்டுக்கு வந்து தட்டில் கைவைத்தவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, உப்பு கம்மியா?"

"உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஏம்மா, என் ஆயுசுல பாதி அந்த மலையில போயிடுச்சு. நீ ஒரு தடவைகூட மேல வந்து பார்க்கலை. அடுத்த மாசம் எனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லாமப் போயிடும். அதுக்குள்ள ஒரே ஒரு தடவை வந்துடேன். மரவீடு ஒண்ணு பிடிச்சு ரெண்டு நாள் தங்கலாம்."

முன்பெல்லாம் கேட்டதுண்டு, விளையாட்டாகக் கேட்பார், அவளும் விளையாட்டாகத் தட்டிக்கழிப்பாள். இந்தத் தடவை குரலே வேறாக இருந்தது. நாலைந்து நாள் ஒற்றைக் காலில் நின்றார். ஒருநாள் அவள் மிஷினை நிறுத்திவிட்டு, வாயிலிருந்த நூலைத் துப்பினாள்.

"வர்றேன். ஆனா உங்க வண்டியில வர மாட்டேன். நீங்க ஸ்டியரிங் பிடிச்சா எனக்குப் புருஷன் கிடையாது, டிரைவர்தான். பக்கத்துல உட்கார்ந்து வரணும்."

"அவ்வளவுதானே!"

"இன்னும் இருக்கு. அந்த வீட்டுல அடுப்பு இருக்கக் கூடாது."

மகள் உடனே போனைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். பெண்ணுக்கு அப்படி ஒரு உற்சாகம். மாடி வைத்த மரவீடு, கண்ணாடிக் கூரை போட்ட மரவீடு என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள்.

"அம்மா, இது சூப்பர்மா. ஹால்லயே நெருப்பு மூட்டலாம் பாரு."

"அடுப்பு வேணாம்னு இப்பத்தானேடி சொன்னேன்."

"இது சமையல் அடுப்பு இல்லைம்மா, குளிர் காயுறதுக்கு."

"எந்த அடுப்பா இருந்தா என்ன, கடைசியில ஊதப்போறது நான்தானே?"

அந்த வீடு போயிற்று. அடுத்ததை அப்பாவிடம் நீட்டினாள் மகள். "இது ஏரிகிட்டன்னு போட்டிருக்குப்பா. அங்கிருந்து ஏரிக்கு நடந்து போகலாமா?"

தொட்டில்காரர் தாடையைச் சொறிந்தார். "ஏரியா? ஏரிப்பக்கம் நான் போனதில்லையே."

"பூங்கா?"

"அதுவும் எங்கயோ இருக்குன்னு சொல்வாங்க."

"தினமும் போறீங்களேப்பா!"

"போறது பஸ் ஸ்டாண்டுக்கும்மா. வண்டியை நிறுத்தினா ஒரு கையெழுத்து, ஒரு டீ, டயரை ஒரு தட்டு. உடனே இறக்கம். இதுல ஏரியை எங்க பார்க்கிறது?" தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மலைக்கே மாப்பிள்ளை மாதிரி பேசிய மனுஷனுக்கு அங்கே டீக்கடை தவிர ஒன்றும் தெரியாது என்று அன்றைக்குத்தான் வெளிச்சமாயிற்று.

ஆனாலும் அந்த டீக்கடைதான் கைகொடுத்தது. சீசன் நேரத்தில் மேலே மரவீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. போனில் பார்த்த எல்லாமே நிரம்பிவிட்டிருந்தன. மறுநாள் டீயை ஆற்றிக்கொண்டே இவர் விஷயத்தைச் சொல்ல, கடைக்காரர் கல்லாவிலிருந்தே எழுந்து வந்துவிட்டார். "அண்ணி வர்றாங்களா? நெசமாவா? என் மச்சானுக்கு மேட்டுல ஒரு மரவீடு இருக்குண்ணே. பெரிசா சொல்லிக்கிற மாதிரி இல்லை, ஆனா சுத்தமா இருக்கும். அடுப்புதான் கிடையாது, சாப்பாடு நான் கொடுத்தனுப்பிடுறேன்." பழம் நழுவிப் பாலில் விழுந்தது. வீட்டைப் போய்ப் பார்க்க இவருக்கு நேரமில்லை. வண்டி எடுக்க விசில் ஊதிவிட்டார்கள். "பார்த்தீங்களா?" என்று மனைவி கேட்டபோது, "அது இருக்கிற மேட்டைப் பார்த்தேன்" என்றார்.

அதற்குப்பின் அவருக்கு ஒரே கவலைதான். அவளுக்கு வழியில் ஒன்றும் ஆகக் கூடாது. இன்னொரு தடவை அவள் பாதி வழியில் இறங்கிப் போய்விட்டால் அதோடு சரி, இந்த ஜென்மத்தில் மலை கிடையாது. தான் கற்ற வித்தை மொத்தத்தையும் இறக்கினார். டிரைவருக்குப் பின் சீட்டைச் சொல்லி வைத்தார். எலுமிச்சம்பழம், இஞ்சி மிட்டாய், துண்டு எல்லாம் தனிப் பையில். கிளம்புகிற அன்று காலையில் அவளுக்கு ஒரே ஒரு காய்ந்த ரொட்டித்துண்டு. "எண்ணெய் கூடாது, பால் கூடாது. ஜன்னல் வழியா கிட்டத்துல பார்க்காதே, தூரத்துல பாரு." அவளுக்குப் போட்ட முட்டையை வீணாக்குவானேன் என்று தன் முட்டையோடு சேர்த்து அதையும் தானே சாப்பிட்டார். அவருக்கென்ன, தொட்டில்காரர்!

மகளுக்குக் கடையில் லீவு இல்லை, கிளம்பினது இவர்கள் இரண்டு பேர்தான். அன்று மலை வண்டியை ஓட்டியவர் பெயர் ரேடியோ. சின்ன வயசுக்காரர், வாய் மூடாது, அதனால் அந்தப் பெயர். "அண்ணி, வாங்க வாங்க! அண்ணனையே வச்சு ஓட்டுறது நான் செஞ்ச பாக்கியம்" என்று சொல்லிக்கொண்டே கியரைப் போட்டார்.

தொட்டில்காரர் சாலையைப் பார்க்காமல், மனைவியின் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார். "தலை சுத்துதா? வாய்ல தண்ணி ஊறுதா? சொல்லிடும்மா, உடனே சொல்லிடு."

"நீங்க இப்படி வெறிச்சுப் பார்த்தாத்தான் எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. திரும்பி உட்காருங்க."

கேட்டால்தானே. முதல் வளைவு வந்தது. அவருடைய உடம்புக்கு வளைவு எங்கே தொடங்கும் என்று மனப்பாடம். ரேடியோவோ இவர் திருப்புகிற இடத்தைத் தாண்டிச் சற்றுப் பொறுத்துத்தான் திருப்புவார். இவருடைய வலதுகால் வெறும் தரையில் பிரேக்கை மிதித்தது. வண்டி நிற்கவில்லை. அடுத்த வளைவிலும் மிதித்தார். கை ஒரு பக்கம் திரும்புகிறது, வண்டி இன்னொரு பக்கம் போகிறது, ரேடியோ பேசிக்கொண்டே இருக்கிறார், உள்ளே இரண்டு பேருக்கான முட்டை உருண்டுகொண்டிருக்கிறது. நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

"என்னங்க, முகம் ஏன் இப்படி வெளுக்குது?"

"ஒண்ணு... ஒண்ணுமில்லை. நீ தூரத்துல பாரு."

அவள் தூரத்தில் பார்க்கவில்லை. துண்டைப் பிடுங்கி அவர் வாயில் பொத்திவிட்டு எழுந்து நின்று கத்தினாள். "தம்பி, வண்டியை நிறுத்துங்க!"

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இங்கே யானை தடுப்புச்சுவரைப் பிடித்துக்கொண்டு, காலையில் தின்றது அத்தனையையும் பள்ளத்துக்குக் கொடுத்தது. பஸ்ஸுக்குள் யாரோ ஆளை அடையாளம் கண்டுகொண்டார்கள். "அட, இது நம்ம தொட்டில்காரர்!" "டிரைவருக்கே வாந்தியா?" ஒரு சிரிப்பு கிளம்பி வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று.

பாதிப் படியில் நின்றிருந்த அவள் திரும்பினாள்.

"சிரிக்கிறவங்க கொஞ்சம் நிறுத்துங்க. உடம்பு முடியாதவரைப் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கு? இத்தனை வருஷமா இவர் ஓட்டின வண்டியில நீங்க நிம்மதியா தூங்கிட்டுப் போனீங்க. இன்னிக்கு இவருக்காக ஒரு அஞ்சு நிமிஷம் வாயை மூடிட்டு உட்கார முடியாதா?"

ரேடியோ உட்பட எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

சுவரோரம் குனிந்திருந்தவருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அவள் இன்று பழிவாங்கியிருக்கலாம். கூடச் சேர்ந்து சிரித்திருந்தால்கூட யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவரைத் தாங்கிப் பேசிவிட்டு வந்து முதுகை நீவிவிட்டாள். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. கண்ணில் தண்ணீர் வந்தது, அது வாந்தியால் மட்டும் வந்ததில்லை.

"அன்னிக்கு நான் வண்டியை நிறுத்தியிருக்கணும்மா" என்றார். "யாரா இருந்தாலும் நிறுத்தியிருக்கணும். இறங்கி வந்து பார்த்திருக்கணும்."

"வாயைக் கொப்பளிங்க முதல்ல."

கொப்பளித்தார். அவள் எலுமிச்சையைக் கிள்ளி அவர் மூக்கில் வைத்தாள். "இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல உங்களுக்கு இத்தனை வருஷமா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மிச்ச வழி முழுக்க அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவள் தோளில் சாய்ந்துகொண்டு போனார்.

மச்சானின் மரவீடு மேட்டில் தனியாக நின்றது. கதவைத் தோள் கொடுத்துத் தள்ளித்தான் திறக்க வேண்டியிருந்தது. உள்ளே ஒரு கட்டில், தடித்த கம்பளிகள், மரவாசனை. அடுப்பு எங்கேயும் இல்லை. அவள் திருப்தியாகத் தலையாட்டினாள். அவரைக் கம்பளிக்குள் படுக்கவைத்துவிட்டு, பின்பக்கக் கதவைத் திறந்து வராந்தாவுக்குப் போனாள். போனவள் திரும்பி வரவேயில்லை. சத்தமும் இல்லை.

கொஞ்ச நேரம் பொறுத்தவர், பயந்துபோய்க் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எழுந்து வந்தார். அவள் கைப்பிடிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பனி விலகி, மலைச்சரிவு அடிவரைக்கும் திறந்து கிடந்தது. மலைக்குப் பின்னால் மலையாகப் பச்சை நீலமாகிக்கொண்டே போயிற்று. ஒரு சரிவில் வெயில், பக்கத்துச் சரிவில் மழை.

அவள் திரும்பாமலேயே கேட்டாள். "ஏங்க, தினமும் இதையா பார்த்துட்டு வந்து ஒரு வார்த்தைகூடச் சொல்லாம சாப்பிட்டுப் படுத்தீங்க?"

அவர் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் எங்கம்மா பார்த்தேன்? இத்தனை வருஷமும் ரோட்டைத்தானே பார்த்தேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, சரிவுக்கு நேராகப் போட்டு, அவரைப் பிடித்து அதில் உட்காரவைத்தாள்.