முறிகூட்டி இலையும் நான் சொன்ன பொய்யும்

போன மாதம் தங்கபாய் அக்கா என் லேப் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். கவர் நிறைய முறிகூட்டி இலை. காயம் ஆற எங்கள் பக்கம் அரைத்துக் கட்டுவார்களே... அதேதான்.

அக்காவுக்கு ஊர் குலசேகரம். கணவர் ரப்பர் பால் வெட்டுகிறவர், சுகர் வேறு. வெட்டுக்கத்தி காலில் பட்டுவிட்டது. பத்து நாள் இந்த இலையைத்தான் தண்ணீர் விட்டு அரைத்துக் கட்டியிருக்கிறார் அக்கா. காய்ச்சல் கண்ட பிறகே ஆஸ்பத்திரி. அங்கே இரண்டே நாளில் போய்விட்டார்...

"டீச்சரே, நீங்க எலையெல்லாம் டெஸ்ட் பண்ணுவியளாமே? நான் கெட்டுன எலை நல்லதுதானா? அத மட்டும் சொல்லுங்க."

காலேஜில் எனக்கு அதுதான் வேலை. கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்ப்போம். இலைச்சாற்றை வைப்போம். சாற்றுக்குச் சக்தி இருந்தால் சுற்றிலும் கிருமி வளராமல் ஒரு வட்டம் தெளிவாகத் தெரியும்.

தண்ணீரில் எடுத்த சாறு ஒரு தட்டில், ஆல்கஹாலில் எடுத்தது இன்னொன்றில். மறுநாள் பார்த்தால் — தண்ணீர்ச் சாற்றுக்கு வட்டமே இல்லை. ஆல்கஹால் சாற்றுக்கு நல்ல பெரிய வட்டம்!

அக்காவிடம் இரண்டாவது தட்டை மட்டும் காட்டினேன். முகம் தெளிந்தது. ஆனால், அரைத்துப் பழகியவர் அல்லவா? கேட்டுவிட்டார்.

"எதுல அரைச்சிய டீச்சர்?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? முப்பது வருஷ சர்வீஸில் ஒரு ரிசல்ட்டைக்கூட மாற்றி எழுதாதவள் நான்.

"தண்ணியிலதான்க்கா."

"அப்போ எம்மேல தப்பில்ல" என்று அழுதார். நானும் அழுதேன். ஒரு ஆறுதல்தானே... யாருக்கு என்ன நஷ்டம்?

போன வாரம் அக்காவிடமிருந்து போன். குரலில் அத்தனை தெம்பு.

"டீச்சரே, பக்கத்து வீட்டு வின்சென்டுக்கு கால்ல வெட்டு, கேட்டியளா. அவனுக்கும் சுகருதான். நம்ம எலையத்தான் கெட்டியிருக்கேன். நீங்களே பாத்ததுல்லா!"

நான் குறுக்கிட்டேன்.

"அவர இப்பமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கக்கா. நான் அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன். தண்ணியில அரைச்சது வேலை செய்யல்ல..."

"அப்போ எங்க அவிய போனது என்னாலயா..." என்றார். வைத்துவிட்டார்.

வின்சென்ட் பிழைத்துக்கொண்டார். காலும் தப்பியது. அக்காதான் அதற்குப் பிறகு என் போனை எடுப்பதில்லை.

முதல் நாளே உண்மையைச் சொல்லித் தொலைத்திருந்தால், பாவம், புருஷனை ஒரு தடவைதான் பறிகொடுத்திருப்பார்.