துரை பூட்டிய ஆஸ்பத்திரியும் என் மாட்டுவண்டியும்

மாட்டுவண்டி ஓட்டுகிறவனுக்கு எதை ஏற்றுவது என்று தேர்ந்தெடுக்கும் பாக்கியம் கிடையாது. தோட்டம் எதைத் தூக்கி வைக்கிறதோ அதுதான் பாரம். சீக்காளியை வைத்துக்கொண்டு மைல் கணக்கில் அலைந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களெல்லாம் நம்ம ஆட்கள்.

பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் எனக்கு வேலை. ரப்பர் ஷீட்டுகளைத் தஞ்சோங்குக்கு, அதாவது ஜார்ஜ் டவுனுக்கு, கொண்டுபோய்ச் சீன முதலாளி தவுக்கேயின் கிடங்கில் இறக்க வேண்டும். ரப்பர் விலை விழுந்ததும் துரை தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பூட்டினார், மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரெசரையும் வேலையை விட்டு அனுப்பிவிட்டார். என் மனைவி அஞ்சலை அப்போது கர்ப்பமாக இருந்தாள். மூத்தவன் கொடி சுற்றிப் பிறந்து அழாமல் கிடந்தபோது அவனை அழவைத்தவர் அந்த டிரெசர்தான். அடுத்தது பிறப்பதற்குள் மருந்து தெரிந்த ஒரு ஆள் தோட்டத்துக்கு வந்தே ஆகவேண்டும் என்று நானும் அவளும் முடிவு கட்டினோம். எப்படி என்பதுதான் தெரியவில்லை.

ரப்பர் மெத்தை

முதலில் என் வண்டியில் ஏறிய சீக்காளி முனியன். குளிர்காய்ச்சலில் பல் கிட்டிப்போய்க் கிடந்தான். ஷீட்டுகளை இறக்கிவிட்டு வந்து ஏற்றிக்கொள் என்றார் கங்காணி. அதற்குள் அவனை ஆஸ்பத்திரிக்கு அல்ல, சுடுகாட்டுக்குத்தான் ஏற்ற வேண்டியிருக்கும் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஷீட்டுகளின் மேலேயே பாயை விரித்துப் படுக்கவைத்து, தஞ்சோங் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன்.

புகைக்கூடத்து ரப்பர் நாற்றம் உங்களுக்குத் தெரிந்திருந்தால் முனியன் பட்ட பாடும் தெரியும். சுங்கை பினாங் தாண்டும்போது கண்ணைத் திறந்து சொன்னான்: "அண்ணே, காச்சல் என்னைக் கொல்லாது. இந்த நாத்தம்தான் கொல்லும். மாட்டை வெரட்டுங்க."

கிராணியின் வைத்தியம்

மருந்து அலமாரியின் சாவி கணக்கு எழுதும் கிராணியிடம் வந்தது. அவருக்குத் தெரிந்த வைத்தியம் இரண்டே. காய்ச்சல் என்றால் கொயினா, மற்ற எதுவானாலும் விளக்கெண்ணெய். நல்ல மனிதர்தான், தெரியாது என்று சொல்லத்தான் அவருக்கு வாய் வராது.

காத்தாயி எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டுக்காரி. மரம் சீவும் கத்தி காலில் இறங்கி, ரத்தம் சொட்டச் சொட்டப் போய் நின்றாள். அவர் யோசித்து யோசித்து விளக்கெண்ணெயை ஊற்றிக் கொடுத்தார். அவள் கிண்ணத்தையும் காலையும் மாறி மாறிப் பார்த்தாள். "கிராணி ஐயா, இதைக் குடிக்கணுமா, பூசணுமா? எதுன்னாலும் சுருக்கா சொல்லுங்க, நாளைக்கு நான் மரம் சீவப் போவணும்."

ஆளுக்கொரு பாடம்

கால் ஆறியதும் காத்தாயி ஒரு சட்டம் போட்டாள். சீக்காளிக்குத் துணையாக என் வண்டியில் தஞ்சோங் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண் வெறுங்கையோடு திரும்பக்கூடாது. அங்கே மிஸ்ஸிகள், அதாவது நர்சுகள், செய்வதைப் பார்த்து ஏதாவது ஒன்று கற்றுக்கொண்டு வரவேண்டும். ஒருத்தி கட்டுப் போடக் கற்றாள். ஒருத்தி துணியை எவ்வளவு நேரம் கொதிக்கவைப்பது என்று கேட்டு வந்தாள். வந்ததும் லயத்துப் பெண்களுக்கெல்லாம் செய்து காட்ட வேண்டும். எனக்கும் காட்டினார்கள். என் கட்டு மட்டும் அவிழ்ந்துகொண்டே இருந்தது.

காத்தாயி பிள்ளைப்பேறு வார்டு வாசலிலேயே போய் உட்கார்ந்துகொண்டாள். பிள்ளை அழாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள். அஞ்சலைக்காகத்தான் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். சீன மிஸ்ஸி தனக்குத் தெரிந்த தமிழில் சீறினாள்: "நீ ஆள் பாக்க வந்ததா, என் வேலை எடுக்க வந்ததா?"

பெரட்டில் ஒரு பதில்

பொழுது விடியுமுன் பெரட்டுக்கு எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். பெயர் கூப்பிட்டால் வேலைக்குப் போகிறவர் "வந்தேன்" என்பார், சீக்காளி "ஆஸ்பத்திரி" என்பார். பூட்டிய பிறகு இரண்டாவது பதில் செல்லாது. அன்று நிறைமாத வயிற்றோடு நின்ற அஞ்சலை "ஆஸ்பத்திரி" என்றாள். பூட்டியாச்சு என்றார் துரை. "தெரியும் துரை. தொறக்கிற வரைக்கும் நிக்கிறேன்" என்றாள் அவள். வேலையை விட்டுத் துரத்தினால் வண்டியும் போகும், வீடும் போகும்.

அடுத்த பெயர் காத்தாயி. அவளும் "ஆஸ்பத்திரி" என்றாள். அதற்கடுத்து, காய்ச்சல் தெளிந்து கல்லுப்போல நின்ற முனியன். அவனும் அதையே சொன்னான். வரிசை முழுக்க ஒரே பதில். என் பெயர் வந்தபோது எனக்கும் குரல் வந்துவிட்டது. கிழக்கே வெளுத்தது. வெயில் ஏறினால் மரத்தில் பால் நின்றுபோகும், அது துரைக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். வானத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். "போ, போ, மரம் போ! கதவு இன்னைக்கே தொறக்கும். திங்கக்கெழமை டிரெசர் வரும்!"

ஞாயிற்றுக்கிழமை

வந்தவர் பழைய டிரெசர் இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர், வாரத்தில் திங்கள் மட்டும் வருவார். எங்கள் பிள்ளையோ ஞாயிறு மத்தியானம் வரப் பார்த்தது. நான் வண்டி பூட்ட ஓடினேன். தஞ்சோங் போகும் வரை தாங்காது என்று காத்தாயி அஞ்சலையைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே சத்தமே இல்லை. மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன். பிறகு பெண்குழந்தை வீறிட்டது. அதுவும் முதலில் அழவில்லையாம். காத்தாயி வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்து அழவைத்தாளாம்.

மறுநாள் டிரெசர் தாயையும் பிள்ளையையும் சோதித்துப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, எனக்கு இங்கே என்ன வேலை என்று சிரித்தார். அஞ்சலை சிரிக்கவில்லை. "இந்தப் புள்ள பொழைச்சிருச்சுன்னு துரைகிட்ட சொன்னதோட நிறுத்திடாதீங்க. வாரம் ஒரு நாள் பத்தாதுன்னு சொல்லுங்க, இல்லாட்டி பெரட்டுல நாங்க சொல்லிக்கிறோம்."

அதன் பிறகு பெரட்டில் அஞ்சலை தொண்டையைச் செருமினாலே துரை வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார் என்பதுதான், எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி மறுபடி பூட்டப்படாமல் இருந்ததற்கு எனக்குத் தெரிந்த ஒரே காரணம்.