ஏழாம் வீட்டு அக்காவின் பெயர்

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் யாருக்கும் பெயர் தேவைப்படவில்லை. நாங்கள் மூன்றாம் வீடு. எதிரில் பத்தாம் வீட்டு அங்கிள். அம்மாவின் உயிர்த்தோழி ஏழாம் வீட்டு அக்கா. மாலையானால் நடுவில் இருந்த பூப்பந்துத் திடலில் பாய் விரித்து எல்லோரும் கூடுவார்கள். அங்கே பூப்பந்து ஆடி நான் பார்த்ததே இல்லை.

எனக்கு ஒன்பது வயதானபோது வீடுகளை இடிக்கப்போவதாகக் கடிதம் வந்தது. ஆளுக்கொரு திசையில் போனோம். எங்களுக்குக் கிள்ளானில் அடுக்குமாடி வீடு, பதினோராவது மாடி. அம்மா அழுதபோது அப்பா வாக்குக் கொடுத்தார்.

“ஞாயித்துக்கெழம ஆனா எல்லாரும் முன்னால இருக்கிற டீக்கடையிலதான் கூடப் போறோம். ஓடியா போயிடப் போறாங்க லா?”

வாராவாரம் பார்க்கத்தானே போகிறோம் என்று யாரும் யாருடைய புது முகவரியையும் வாங்கிக்கொள்ளவில்லை.

அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்து இஸ்திரி போடும் நாள். அதனால் அப்பாவும் நானும்தான் ரயில் ஏறுவோம். வந்தவர்களை வீட்டு எண் வரிசையில் பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்பேன். முதல் வாரம் ஒன்பது வீடு. அடுத்து ஆறு. பிறகு இரண்டு. ஒரு வாரம் மூன்றாம் வீடு மட்டும்.

திரும்பும்போது அப்பா சொன்னார்: “அம்மா கேட்டா எல்லாரும் வந்தாங்கன்னு சொல்லு.”

அம்மாவிடம் அந்த வேலையைத் திருத்தமாகச் செய்தேன். பத்தாம் வீட்டு அங்கிள் புது மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டார். ஐந்தாம் வீட்டு அண்ணனுக்குப் பெண் பார்க்கிறார்கள். கடைசியாக, அப்பா கேட்காத ஒன்றையும் சேர்த்தேன். “ஏழாம் வீட்டு அக்கா உங்க மேல கோவமா இருக்காங்கம்மா. ஏன் உங்கம்மா வரவே மாட்றாங்கன்னு கேட்டாங்க.”

அம்மா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அந்தப் பதினோராவது மாடியில் அதுவரை யாரும் அவரை எதற்காகவும் தேடியதில்லை. அந்த வாரம் முழுக்க முறுக்குச் சுட்டு பிஸ்கட் டின்னில் நிரப்பினார். ஞாயிறன்று தைப்பூசத்துக்கு மட்டும் எடுக்கும் சேலையைக் கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் வாசலில் நின்றார். ரயில் ஷா ஆலம் நிலையம் தாண்டியும் அப்பா பயணச்சீட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

குவார்ட்டர்ஸைச் சுற்றித் தகரம் அடைத்திருந்தார்கள். அம்மா மடியில் டின்னோடு டீக்கடையில் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்திருந்த கடைக்காரரைக் கூப்பிட்டார்.

“தம்பி, ஏழாம் வீட்டு அக்கா வந்தாங்களா?”

“எந்த ஏழாம் வீடுக்கா? இங்க வீடே இல்லையே.”

“போன வாரம்கூட வந்தாங்களே.”

“பேரச் சொல்லுங்க. வந்தா சொல்றேன்.”

அம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. பன்னிரண்டு வருடப் பழக்கம். நான் பிறந்த அன்று அம்மாவை டாக்சியில் ஏற்றிக்கொண்டு ஓடியவர் அவர். அக்கா என்று கூப்பிட்டதோடு சரி.

“உங்களுக்குத் தெரியுமாங்க?” என்று அம்மா அப்பாவைக் கேட்டார்.

அப்பா மேசையில் சிந்தியிருந்த டீயை விரலால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அம்மா என் பக்கம் திரும்பினார். “நீதானே போன வாரம் பேசுன? பேரு கேட்டியா?”

தெரியாது என்றால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று பட்டது. “தனலெட்சுமி” என்றேன். அது என் வகுப்பாசிரியையின் பெயர். அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, “ஆமா, தனலெட்சுமிதான்” என்றார்.

அம்மா அந்தப் பெயரை இரண்டு முறை மெல்லச் சொல்லிப் பார்த்தார். டின்னைக் கடைக்காரரிடம் நீட்டினார். “தனலெட்சுமி அக்கா வந்தா குடுத்துடுங்க. மூணாம் வீடுன்னா தெரியும்.”

அதன் பிறகு பத்துமலைக் கோயில் படிகளில், கிள்ளான் துணிக்கடைகளில், கல்யாண மண்டபங்களில், பிரிக்ஃபீல்ட்ஸ் முகம் எது தென்பட்டாலும் அம்மா தனலெட்சுமியை விசாரித்திருக்கிறார். அப்பா காலமாகிவிட்டார். இப்போது என்னை இணையத்தில் தேடச் சொல்கிறார். நானும் அந்தப் பெயரைத் தட்டித் தேடுகிறேன். உத்தேச வயது, ஊர், பழைய வேலையிடம் என்று வடிகட்டிக்கூடக் காட்டுகிறேன்.

அன்று திரும்பும் ரயிலில் அம்மா என் தலையைத் தடவினார். “நல்ல வேள, நீயாவது கேட்டு வச்ச.”

தப்பித்துவிட்டோம் என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தேன். அவர் ஏன் திரும்பிச் சிரிக்கவில்லை என்று கிள்ளான் வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.